அம்மி, எறும்பு, கொக்கு

விடிந்ததும் கைபேசியில் வந்து விழும் பொன்மொழிகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." "எறும்பு ஊரக் கல்லும் தேயும்." "ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு." பின்னால் ஒரு சூரிய உதயம், முன்னால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று. எதை அனுப்பினாலும் பொருள் ஒன்றுதான் என்ற நினைப்பில் அனுப்புகிறோம்: விடாதே, பொறு, நடக்கும். வேலை தேடி 200 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுச் சலித்தவருக்கும் அதுவே. ஆறு மாதமாக வயலின் பழகியும் வில் கீச்சிடுகிறதே என்று நொந்துபோனவருக்கும் அதுவே. பதவி உயர்வு தானாக வரும் என்று பத்து ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதுவே. இந்த மூவரும் ஒரே நோயாளிகள் அல்ல. ஒருவருக்குக் கொடுத்த மருந்து இன்னொருவரைப் படுக்கவைத்துவிடும்.

இந்தப் பழமொழிகளின் வினைச்சொற்களைக் கவனித்தால் போதும். ஒன்றில் அடி, ஒன்றில் ஊர்தல், ஒன்றில் அசையாமல் இருத்தல். சொன்னவர்கள் சொல்லை அளந்துதான் போட்டிருக்கிறார்கள். நாம்தான் 'நகரும்', 'தேயும்' என்ற முடிவை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, செய்யச் சொன்னது என்ன என்பதைக் கோட்டை விடுகிறோம்.

அம்மியைத் தள்ளினால் என்ன ஆகும்?

பழமொழி அம்மியைத் தள்ளச் சொல்லவில்லை, அடிக்கச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்மியின் எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு, அதாவது நகரவிடாமல் பிடிக்கும் விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம், 0.6. அப்படியானால் அதைக் கிடையாக அசைக்க, ஏறக்குறைய 24 கிலோ எடையைத் தூக்குவதற்கு வேண்டிய விசை தேவை. இதுதான் வாசல்படி. 20 கிலோ அளவுக்கு ஒருவர் தள்ளுகிறார். அம்மி அசையாது. ஒரு மணி நேரம் தள்ளினாலும் அசையாது. பத்து நாள் வந்து வந்து தள்ளினாலும் 20 கிலோ என்பது 200 கிலோ ஆகிவிடாது. நேற்றுத் தள்ளியது நேற்றோடு போயிற்று. கல்லுக்கு ஞாபகம் கிடையாது.

இப்போது 2 கிலோ சுத்தியல் ஒன்றை எடுத்து, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அடிக்கிறோம். கல் சில்லு பெயராமல் இருக்க நடுவில் ஒரு மரக்கட்டை. சுத்தியல் கட்டையைத் தொட்டு நிற்கும் நேரம் 5 மில்லி விநாடி என்றால், அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அம்மி மீது விழும் சராசரி விசை 120 கிலோவுக்குச் சமம். வாசல்படியைப் போல ஐந்து மடங்கு. கல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நகர்ந்து நிற்கும். கண்ணுக்கு அது நகர்ந்ததாகவே தெரியாது. ஆனால் அடுத்த அடி விழுவது புது இடத்தில் நிற்கும் கல் மேல். நூறு அடி அடித்தால் அரைச் சாண் தள்ளிப் போயிருக்கும். பழமொழி பொய் சொல்லவில்லை.

கெட்டுப்போகும் இடங்களும் இதே கணக்கில் இருக்கின்றன. கை வலிக்கிறதே என்று சுத்தியலின் வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால், நகர்வும் மூன்றில் ஒன்றாகத்தான் குறையும் என்று மனம் கணக்குப் போடும். அப்படி ஆகாது. அடியின் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடும். மிஞ்சுவதில் கல் நகர்வது முன்பு நகர்ந்ததில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. மரக்கட்டைக்குப் பதில் மெத்தென்ற ரப்பரை வைத்து, தொட்டு நிற்கும் நேரம் பத்து மடங்கு கூடிவிட்டால், முழு வேகத்தில் அடித்தாலும் விசை வாசல்படிக்குக் கீழேயே நின்றுவிடும். நூறு அடியும் வீண். கல்லின் மேல்விளிம்பில் அடித்தால் அது குலுங்கித் திரும்ப உட்காரும், நகராது. அடி தரையை ஒட்டி, அடிப்பக்கத்தில் விழ வேண்டும். இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடித்தாலோ, உழைப்பெல்லாம் உழைப்பு, கல் இருந்த இடத்தில் கல்.

200 விண்ணப்பம் போட்டவருடைய சிக்கல் பெரும்பாலும் இந்த ரகம். ஒரே தன்விவரக் குறிப்பு, ஒரே முகப்புக் கடிதம், பெயரை மட்டும் மாற்றி 200 இடம். ஒவ்வொன்றும் 20 கிலோ தள்ளல். அவரிடம் போய் "அடிமேல் அடி" என்று சொன்னால் 201-ஆவதையும் அப்படியே அனுப்புவார். பழமொழியின்படி அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு: ஒரு வாரம் எதையும் அனுப்ப வேண்டாம். எட்டு இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்து, அதற்கென்றே குறிப்பைத் திருத்தி, உள்ளே இருக்கும் ஒருவரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள். எட்டில் இரண்டு பேர் கூப்பிட்டுப் பேசினால் கல் அசைகிறது என்று பொருள். அதன் பிறகுதான் அடிமேல் அடி. அசைந்தது என்று தெரிவதற்கு முன்னால் எண்ணிக்கையைக் கூட்டுவது விடாமுயற்சியில் சேராது, அது வெறும் பழக்கம். புகையை நிறுத்துவது, தீராமல் கிடக்கும் பங்காளிச் சண்டையைப் பேசி முடிப்பது, வேலையில் சம்பள உயர்வு கேட்பது எல்லாம் இந்த அம்மி ரகம்தான். ஆறு முறை முணுமுணுத்துக் கேட்டதைக் கூட்டினால் ஒரு முறை நேராகக் கேட்டதற்கு ஈடாகாது.

இங்கே ஒன்று குறுக்கே வரும். "தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று குறள் இருக்கிறதே, எந்த முயற்சியும் வீண்போகாது என்றுதானே அர்த்தம்? குறள் தருவதாகச் சொன்னது கூலி. உடம்பு வருந்திய அளவுக்கு உண்டான கூலி. கேட்ட பொருள் கையில் வந்து விழும் என்று அது எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நகராத அம்மியைத் தள்ளியவருக்கும் கூலி உண்டு, தோள் கொஞ்சம் உரமேறும். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. அம்மி நகர்ந்த கணக்கில் அதை எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

தடம் தூர்வதற்குள்

எறும்பின் காலுக்குக் கல் தேயுமா என்பது இருக்கட்டும். பழைய கிணற்றின் விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை. இதில் வாசல்படியே கிடையாது. ஒவ்வொரு இழுப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைக் கொண்டுபோகிறது. பலமாக இழுத்தால் கயிறு அறும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அம்மிக்கு எது மருந்தோ அதுதான் இங்கே நஞ்சு.

மொழி, இசை, கையெழுத்து, உடற்பயிற்சி, சேமிப்பு எல்லாம் இந்த ரகம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வயலினோடு மல்லுக்கட்டுவதைவிட, ஆறு நாளும் அரை மணி நேரம் மேல். மொத்த நேரம் ஒன்றுதான், தடம் ஒன்றல்ல. ஏனென்றால் மனித மூளை என்கிற கல்லில் போட்ட தடம் தானாகத் தூர்ந்துகொண்டே வரும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் முறை படிக்க ஆன நேரத்தில், மறுபடி படிக்கும்போது எவ்வளவு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 விழுக்காடு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. 31 நாளில் 21. முதல் நாளிலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது, அடுத்த முப்பது நாளும் சேர்ந்து கொண்டுபோவது வெறும் 13. ஆகவே எறும்பு திரும்பி வர வேண்டிய முதல் நேரம் அடுத்த நாள். பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை அகட்டிக்கொண்டே போகலாம். இந்த வரிசை வேதம் இல்லை, முன்பின் ஆகலாம். முதல் இடைவெளி மட்டும் நீளக்கூடாது.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று இன்னொரு பொன்மொழி சுற்றுகிறது. 2009-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரு சின்னக் காரியத்தைச் செய்யச் சொல்லி, அது எப்போது யோசிக்காமலே நடக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் நடுமட்டம் 66 நாள். ஆளுக்கும் காரியத்துக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாகவே இருக்கிறதே, நமக்கு இது வராது போல என்று ஒதுங்கியவர்கள் எத்தனை பேரோ. அந்தப் பொன்மொழிதான் அவர்களை அனுப்பிவைத்தது. அதே ஆய்வில் ஆறுதலான ஒன்றும் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை.

எறும்பு வேலையில் வழக்கமாக நடக்கும் தவறு, தினமும் கல்லை அளந்து பார்ப்பது. அன்றாட மாற்றம் அளவுகோலின் பிழையைவிடச் சிறியது, அதனால் அளந்தவருக்குச் சோர்வுதான் மிஞ்சும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். வயலின்காரர் இன்று வாசித்ததை நேற்று வாசித்ததோடு ஒப்பிடாமல், நான்கு வாரம் முன்பு பதிவு செய்து வைத்ததோடு ஒப்பிட வேண்டும். பதிவே செய்து வைக்கவில்லை என்றால் அந்த நான்கு வாரமும் அவருக்கு இருட்டுதான். ஆறு மாதப் பதிவுகளை வரிசையாகக் கேட்டும் ஒரு வேறுபாடும் காதில் படவில்லையா? எறும்பு வேறு கல்லின் மேல் ஊர்கிறது. வில் பிடிக்கும் விதமே தவறாக இருக்கும். பிழையையும் எறும்பு அதே அக்கறையோடு ஆழமாகத் தேய்த்துக் கொடுத்துவிடும்.

மடைத்தலை

மூன்றிலும் அதிகம் அடிபட்டது கொக்குதான். அந்த மூதுரை வெண்பாவில் நாம் விட்டுவிடும் சொல் ஒன்று உண்டு: 'மடைத்தலையில்'. கொக்கு நிற்பது ஏதோ ஒரு குளக்கரையில் இல்லை. தண்ணீர் பாயும் வாயில், மீன் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்கிற இடத்தில் நிற்கிறது. பொறுமை பிறகுதான், இடம் முதலில். மீன் வராத குட்டையில் எத்தனை நாள் வாடி நின்றாலும் வாட்டம் ஒன்றுதான் மிச்சம். இன்னொரு வேடிக்கை, அந்தப் பாட்டு காத்திருப்பவருக்குச் சொன்ன புத்திமதியே இல்லை. "அடக்கம் உடையார் அறிவிலர் என்றெண்ணிக் கடக்கக் கருதவும் வேண்டா" என்றுதான் அது தொடங்குகிறது. அடங்கி நிற்பவரைக் கண்டு ஏமாறாதே என்று மீன்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது.

வள்ளுவரின் கொக்கு இன்னும் கறாரானது. "கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து." கூம்பு, அதாவது ஒடுங்கிக் காத்திரு என்பது பாதி, குத்து என்பது மறுபாதி. காலமறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் இது. இதற்கு முந்தைய குறள், கிடைப்பதற்கு அரியது வாய்த்தால் செய்வதற்கு அரியதை அந்த நிலையிலேயே செய்துவிடு என்கிறது. பத்து ஆண்டு நாற்காலிக்காரர் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்.

கொக்கு, நாரை இனங்களின் கழுத்தைக் கிட்டே பார்த்தால் காத்திருப்பு என்பதே வேறாகத் தெரியும். அந்த ஆங்கில எஸ் போன்ற வளைவு சோம்பலால் வந்ததல்ல. கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பு தனி வாகில் அமைந்து, கழுத்து அங்கே மடிந்து நிற்கிறது. ஏற்கெனவே இழுத்துப் பிடித்த வில் அது. நீருக்குள் இருக்கும் மீன் இருக்கிற இடத்தில் தெரியாது என்ற சிக்கலும் உண்டு. நேர் மேலிருந்து பார்த்தால் உண்மையான ஆழத்தில் நான்கில் மூன்று பங்கில் இருப்பதாகத் தெரியும், சாய்வாகப் பார்த்தால் பிசகு இன்னும் கூடும். கொக்கு அதற்கு ஈடுகட்டித்தான் குத்துகிறது. ஆக, வெளியே இருந்து பார்க்கிறவருக்குச் சும்மா நிற்பதாகத் தெரியும் அந்த நேரமெல்லாம் உள்ளே குறி பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

காத்திருக்கிறேன் என்று சொல்கிறவர் மூன்றுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நான் நிற்கும் இடத்துக்கு மீன் வருமா? கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த நாற்காலியிலிருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பூஜ்யம் என்றால் அது மடை இல்லை. அடுத்து, உறுமீன் எது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேனா? எழுதாதவர் ஒவ்வொரு மீனையும் ஓடுமீன் என்று விட்டுவிடுவார், அல்லது பசி வந்ததும் கெண்டைக் குஞ்சைக் கொத்திவிட்டு அதைத்தான் எதிர்பார்த்தேன் என்பார். கடைசியாக, அது நாளைக் காலையே வந்தால் குத்த என் கழுத்து மடிந்து தயாராக இருக்கிறதா? கடன் அடைத்திருக்க வேண்டும், சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், தெரிய வேண்டிய வேலை தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அதற்குப் பெயர் தள்ளிப்போடுதல்.

சிரிக்கச் சொன்ன இடம்

"இடுக்கண் வருங்கால் நகுக" என்பதைச் சாவு வீட்டுக்குக்கூட அனுப்பிவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இடுக்கண் அழியாமை 63-ஆவது அதிகாரம். அதற்கு நேர் முன்னால் ஆள்வினையுடைமை. பொருட்பாலின் அரசியல் பகுதி முடிவது இங்கேதான். அதாவது இது, ஒரு காரியத்தில் இறங்கி நடுவழியில் முட்டிக்கொண்டவருக்குச் சொன்னது. இழப்பில் உடைந்தவரின் கண்ணீரைத் துடைக்க வைத்ததல்ல. பரிமேலழகர் 'உள்மகிழ்க' என்றுதான் உரை சொல்கிறார். பல்லைக் காட்டச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு எந்தப் பொன்மொழியும் அனுப்பாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உத்தமம்.

"இதுவும் கடந்து போகும்" என்பதும் ஒரு பாதிதான். 1859 செப்டம்பரில் மில்வாக்கியில் விவசாயிகள் கூட்டமொன்றில் ஆபிரகாம் லிங்கன், எப்போதும் பொருந்தும் ஒரு வாக்கியம் கேட்ட கீழைநாட்டு அரசனுக்கு இந்த வரியைக் கொடுத்த கதையைச் சொன்னார். செருக்கு வரும்போது அடக்குகிறது, துன்பத்தில் தேற்றுகிறது என்று பாராட்டினார். அதோடு நிறுத்தவில்லை. ஆனாலும் இது முழு உண்மையாக இல்லாதிருக்கட்டும் என்று நம்புவோம் என்று சொல்லி, நிலத்தையும் அறிவையும் பண்படுத்தினால் நிலைத்த முன்னேற்றம் உண்டு என்று முடித்தார். அந்த 'ஆனாலும்' மட்டும் படங்களில் வருவதே இல்லை.

எங்கே நிறுத்துவது

விடாமுயற்சி பற்றிய மேற்கோள்களைத் தொகுப்பவர்கள் ஏனோ வலியறிதல் அதிகாரத்தின் பக்கம் போவதில்லை. "உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்." ஊக்கம் மேலிட்டு இறங்கி, நடுவில் ஒடிந்தவர்கள் பலர். ஊக்கத்துக்குத் தனி அதிகாரமே எழுதியவர்தான் இதையும் எழுதினார். மரத்தின் நுனிக்கொம்பில் ஏறியவன் அதற்கும் மேலே போக நினைத்தால் உயிர் போகும் என்று அதே அதிகாரத்தில் இன்னொன்று. "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்" என்று தெரிந்துசெயல்வகையில் வேறொன்று.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு கான்கார்டு விமானம். 1962-இல் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட்டன. அதில் ஒருவர் தனியாக விலகிக்கொள்ள வழியே எழுதப்படவில்லை. 1964-இல் வந்த பிரிட்டன் அரசு செலவைக் கண்டு மிரண்டு கைவிட நினைத்தும் முடியவில்லை. 1976-இல் பயணிகளோடு பறந்தது, 2003-இல் ஓய்ந்தது. கட்டியது மொத்தம் 20, விமான நிறுவனங்களின் சேவையில் ஓடியது 14. ஒலியை மிஞ்சிய அழகான விமானம் என்பதில் சந்தேகமில்லை. போட்ட பணம் திரும்பவில்லை. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற காரணத்துக்காகவே மேலும் செலவழிக்கும் பிசகுக்கு அதன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

விலகும் வழியை முதல் நாளே எழுதி வைப்பது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் எழுத உட்கார்ந்தால் கை வராது என்பதுதான் காரணம். எவ்வளவு பணம் வரை, எந்தத் தேதி வரை, எந்த அடையாளம் தெரியாவிட்டால் நிறுத்துவது என்று மூன்று வரி போதும். அம்மி வேலை என்றால் அடையாளம், முழு வேகத்தில் பத்து அடி விழுந்தும் இம்மியும் அசையாதது. எறும்பு வேலை என்றால் மூன்று மாத அளவில் தடம் தெரியாதது. கொக்கு வேலை என்றால் வரும் பருவம் ஒன்று முழுசாகக் கடந்தும் மீன் கண்ணில் படாதது. நிறுத்துவது என்றால் காரியத்தையே கைவிட்டாக வேண்டும் என்பதில்லை. செய்யும் விதத்தை நிறுத்தினாலும் நிறுத்தியதுதான்.

இடுக்கண் அழியாமையில் ஓர் எருது வருகிறது. "மடுத்தவாய் எல்லாம் பகடன்னான்" என்ற குறள். போகும் வழியில் தடைப்பட்ட இடங்களில் எல்லாம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும் எருதைப் போன்றவன் என்பது பொருள். அந்த எருது ஒரே மாதிரி முக்கி முக்கி இழுப்பதாகத்தான் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். பரிமேலழகர் வண்டி சேற்றில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் போலிருக்கிறது. அவர் உரையில் வரும் எருது ஓரிடத்தில் விலாவைச் சாய்த்து ஒற்றுகிறது, ஓரிடத்தில் மூக்கைத் தரையில் ஊன்றுகிறது, ஓரிடத்தில் முன்னங்காலை மடித்துத் தவழ்கிறது.